பாட்டி விட்டுப்போன தையல் மெசின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயக் காம்பராக்களிலும் நகரத்துத் தையல் கடைகளிலும் பழைய கறுப்பு மெசின்கள் இன்னும் இருக்கின்றன. சில தைத்துக்கொண்டிருக்கின்றன. பல, தொலைக்காட்சிப் பெட்டியைச் சுமக்கும் மேசையாகிவிட்டன. நான் அவற்றை வாங்கித் திருத்துகிறேன்; என் தையல் முழுவதும் அவற்றில்தான். அறிந்தவர்களும் அறியாதவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பல வருடங்களாக ஓடாத மெசின் ஒன்று வீட்டில் இருக்கிறது. சக்கரம் அசையவே இல்லை. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். வார்ப்பிரும்பாலும் உருக்காலும் செய்த இந்த மெசின்கள் எளிதில் உடைவதில்லை. சக்கரம் இறுகியிருந்தால் பெரும்பாலும் காரணம் உள்ளே காய்ந்து பிசினாகிப்போன எண்ணெய்தான். எங்கே, எப்படி இறுகுகிறது என்பதை முதலில் கையால் உணர்ந்து பாருங்கள். ஒரு சுற்று முழுவதும் ஒரே மாதிரி கனமாக இருந்தால் அது பழைய எண்ணெய். நன்றாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று நின்றால் அடி நூலைக் கொண்டு ஓடும் ஷட்டிலின் வளையத்துக்குள் நூல் துண்டு சிக்கியிருக்கிறது. இரண்டு அங்குல நூல் போதும், முழு மெசினையும் நிறுத்திவிடும்.

எதுவானாலும் பலத்தைக் காட்டாதீர்கள். குறட்டால் சக்கரத்தைப் பிடித்துத் திருகியதால் கெட்ட மெசின்கள்தான், துருவால் கெட்டவற்றைவிட அதிகமாக என் மேசைக்கு வந்திருக்கின்றன.

தேங்காய் எண்ணெய் விட்டால் இளகுமா? அம்மா அதைத்தான் விடுவார்.

பல வீடுகளில் அதைத்தான் விட்டார்கள். மெசின்கள் இறுகியதற்கு அதுவே முதல் காரணம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பில் இது பெரிய விடயமல்ல. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான். போத்தலில் கட்டியாகும் எண்ணெய் மெசினுக்குள் மட்டும் நீராக இருக்குமா? காலையில் கல்லாக இருந்து, வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் இளகும் மெசினைப் பார்த்தால், அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

உறைவது பாதிக் கதை. சமையல் எண்ணெய் எதுவானாலும் காற்றுப் பட்டு நாளடைவில் மஞ்சள் பிசினாக மாறும். அதற்குமேல் துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி ஒட்டும். லயத்து அடுப்புப் புகை வேறு படியும். கடைகளில் சின்னப் போத்தலில் விற்கும் தெளிந்த தையல் மெசின் எண்ணெயை மட்டும் விடுங்கள்.

சரி, இறுகியதை எப்படி இளக்குவது?

ஊசியையும், துணியை அழுத்தும் பாதத்தையும், அடி நூல் சுற்றிய பொபினையும் கழற்றி வையுங்கள். மெசினின் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து, அடியில் ஒரு பழைய துணியை விரியுங்கள். தலையின் மேற்புறத்திலும் கழுத்திலும் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று துளி மண்ணெண்ணெய் விடுங்கள். ஊசித் தண்டு ஏறி இறங்கும் இடத்திலும், அடியில் இரும்பு இரும்போடு உரசும் எல்லா மூட்டுகளிலும் விடுங்கள். பிறகு தேநீர் குடிக்கப் போய்விடுங்கள். மண்ணெண்ணெய் பிசினுக்குள் இறங்க நேரம் வேண்டும்.

அன்று மாலை சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நூல் அளவு அசைந்தாலும் வெற்றிதான். மறுபடி துளி, மறுபடி ஆட்டம். மோசமாக இறுகிய மெசினுக்கு ஒரு வாரம்கூட ஆகும். இளகியதும் துளைகளிலிருந்து கரிய சாறு வடியும். அதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். சாறு நிறம் வெளுக்கும் வரை மண்ணெண்ணெய். பிறகு மெசின் எண்ணெய் விட்டு, நூலில்லாமல் கால் மணி நேரம் ஓட்டுங்கள். மண்ணெண்ணெய் கழுவத்தான் உதவும். உராய்வைத் தாங்காது. அதோடு நிறுத்திவிட்டுத் தைக்கத் தொடங்கினால் இரும்பு இரும்பைத் தின்னும்.

விளக்கோ அடுப்போ எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம். நனைந்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

துடைக்கும்போது ஒரு கவனம். கறுப்பு உடம்பில் இருக்கும் தங்க நிறச் சித்திரங்களுக்கு மேலே அரக்கு மெருகு பூசியிருக்கும். ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் மெருகு கரைந்து சித்திரமும் கையோடு வந்துவிடும். மெசின் எண்ணெய் தொட்ட பஞ்சு போதும்.

அக்கா, சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. ஊசிதான் அசையவில்லை. உள்ளே ஏதோ உடைந்துவிட்டதா?

உடையவில்லை, தங்கச்சி. சக்கரத்தின் நடுவில் ஒரு வட்டத் திருகு இருக்கிறது அல்லவா? பொபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருக்க அதைத் தளர்த்துவோம். யாரோ தளர்த்தி விட்டு இறுக்க மறந்திருப்பார்கள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதை இறுக்குங்கள்.

இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால், அந்தத் திருகில் இருக்கும் குட்டித் திருகாணியைக் கழற்றி வட்டத்தை வெளியே எடுங்கள். உள்ளே காதுகள் வைத்த ஒரு வளையத் தகடு இருக்கும். சுத்தம் செய்தவர் அதைத் தலைமாற்றிப் போட்டிருக்கலாம். அரைச்சுற்றுத் திருப்பி, உட்புறக் கொக்கிகள் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து மூடுங்கள். ‘செத்துப்போனது’ என்று எனக்குச் சும்மா கிடைத்த மெசின்களில் சில இந்தத் தகடு ஒன்றால்தான் கிடைத்தன.

இந்த மெசின்கள் எங்கே செய்யப்பட்டு மலைக்கு வந்தவை?

சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள கிளைட்பேங்க் என்ற ஊரில், கில்போவி என்னும் அதன் பெரிய ஆலை 1885இல் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை நானுஓயாவைத் தொட்டதும் அதே 1885இல்தான். பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும் ரயில் வந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கிய பாதை, மேலே ஏறும்போது அரிசியையும் தகரத்தையும் தையல் மெசின்களையும் கொண்டுவந்தது. தவணைப் பணத்துக்கு விற்கும் முறையை சிங்கர் 1850களிலேயே தொடங்கியிருந்தது. மொத்தமாகக் காசு புழங்காத வீடுகளுக்கும் மெசின் போய்ச் சேர்ந்தது அந்த வழியில்தான்.

கில்போவி ஆலை 1980இல் மூடப்பட்டது. அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர். பிற்காலத்தில் இந்திய உஷா, சீனத்து பட்டர்ஃபிளை போன்றவையும் வந்தன. அவை பெரும்பாலும் சிங்கரின் 15ஆம் வகையைப் பார்த்துச் செய்தவை. அதனால் அவற்றைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை; நன்றாகத் தைப்பவைதான்.

என் மெசினின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிங்கர் என்றால் அடித்தட்டின் வலது பக்கத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். எழுத்தே இல்லாமல் வெறும் எண் என்றால் 1900க்கு முற்பட்டது. ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது சொச்சம் வருடங்கள். உதாரணமாக ‘ஒய்’ என்று தொடங்குவது 1920களின் தொடக்கத்திலிருந்து 1935 வரையிலான கிளைட்பேங்க் மெசின். ‘ஈஏ’ என்று இரண்டு எழுத்தில் தொடங்கினால் 1935க்குப் பிந்தியது. மாதிரி எண்ணின் கடைசியில் வரும் ‘கே’, கில்போவியைக் குறிக்கும்: 15கே, 66கே, 99கே.

பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சில மெசின்களின் பித்தளை முத்திரையில் 1851 – 1951 என்று இருக்கும். ‘1851இல் செய்த மெசின்’ என்று சொல்லி விலை கூட்டுவார்கள். ஐசக் சிங்கர் தன் மெசினுக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1851. நூற்றாண்டு நிறைவுக்காகப் போட்ட முத்திரை அது. மெசின் 1951ஐ ஒட்டியது.

உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், இலட்சக்கணக்கில் போகுமாம். உண்மையா?

பொய். 2009 ஏப்ரலில் சவுதி அரேபியாவில் இந்த வதந்தி பரவியது. ஊசிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்தால் இணைப்பு அறுந்துவிடும், அறுந்தால் பாதரசம் இருக்கிறது என்றார்கள். பழைய சிங்கர் மெசின்களுக்கு ஆயிரக்கணக்கான ரியால் கொடுத்து வாங்கினார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் இல்லாத தோட்டம் இங்கே ஏது? கதை இந்த மலைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. மெசினின் எந்தப் பாகத்திலும் பாதரசம் இல்லை. அப்படிச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டாலும் சரி, தலையை மட்டும் பிரித்துப் பார்க்கக் கேட்டாலும் சரி, வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பழையது என்பதால் மட்டும் அபூர்வமும் ஆகிவிடாது. இந்த மெசின்கள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை. நல்ல விலை, நன்றாகத் தைக்கும் மெசினுக்குத்தான்.

முதல் முறையாக வாங்குகிறேன். எந்த வகை நல்லது?

15ஆம் வகை. யோசிக்கவே வேண்டாம். அதன் வட்டப் பொபினும் பொபின் கேஸும் ஊசியும் நகரத்துக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. உஷா, பட்டர்ஃபிளை பாகங்களும் பெரும்பாலும் பொருந்தும்.

66கேயும், அதன் முக்கால் அளவுத் தம்பியான 99கேயும் இனிமையானவை. பொபினை மேலிருந்தே போடலாம். ஆனால் அவற்றின் பொபின் நடுவில் சற்று உப்பியிருக்கும். 15இன் தட்டைப் பொபினைத் திணித்தால் தையல் கெடும். 28கே, 128கே போன்றவற்றில் படகு போன்ற ஷட்டிலுக்குள் நீளப் பொபின் இருக்கும். ஷட்டில் காணாமல் போயிருந்தால் மாற்று தேடி அலைய வேண்டும். வயலின் வடிவ அடித்தட்டுள்ள 12ஆம் வகை 1865இல் அறிமுகமானது. கண்ணுக்கு அத்தனை அழகு. அதன் ஊசி இப்போது சாதாரணக் கடைகளில் கிடைக்காது. சேகரிப்பவர் வாங்கட்டும்.

வாங்கப் போகும்போது ஒரு புது ஊசி, நல்ல நூல், இரண்டு துண்டுத் துணி கையில் இருக்கட்டும். விற்பவர் தைத்துக் காட்டிய துண்டை நம்பாமல் நீங்களே தைத்துப் பாருங்கள். பொபின் கேஸ் இருக்கிறதா, நகரும் மூடித் தகடு இருக்கிறதா, பாதத்தின் அடியில் பற்கள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெயின்ட் உரிந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அண்மையில் பூசிய புதுப் பெயின்ட்தான் எனக்குச் சந்தேகத்தைத் தரும்.

தையல் விட்டு விட்டு விழுகிறது. என்ன செய்வது?

ஊசியை மாற்றுங்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, இவ்வளவு சின்ன விடயமா என்று. தையல் விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வளைந்த ஊசி, மழுங்கிய ஊசி, அல்லது திருப்பிப் போட்ட ஊசி. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளக் குழி ஓடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் போகிறதோ, அந்தப் பக்கத்தை நீளக் குழி பார்க்க வேண்டும். தட்டையான பக்கம் அதற்கு எதிரே. எந்த மெசினுக்கும் இந்த விதி பொருந்தும்.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் ஊசி தண்டு முழுவதும் உருண்டையாக இருக்கும். அது தொழிற்சாலை மெசினுக்கானது. நம் மெசினுக்குத் தட்டைத் தண்டு ஊசிதான் வேண்டும்.

துணியின் அடிப்பக்கம் நூல் கூடு கட்டுகிறது. பொபினின் இறுக்கத்தைக் கூட்டவா?

வேண்டாம். பொபின் கேஸின் திருகாணியில் கை வைக்காதீர்கள். அடியில் கூடு கட்டினால் குற்றம் பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். பாதத்தை மேலே தூக்கிவிட்டு, மேல் நூலை முழுவதும் எடுத்து மறுபடி கோர்த்துவிடுங்கள். நூல் இரண்டு இறுக்கத் தட்டுகளுக்கும் நடுவே சரியாக இறங்க வேண்டும். அந்தத் தட்டுகளுக்கு இடையில் பழைய நூல் துணுக்கு இருந்தாலும் இறுக்கம் வராது. தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனையும் செய்த பிறகும் கூடு கட்டினால் மட்டும் மேல் இறுக்கத்தைக் கால் சுற்று கூட்டிப் பாருங்கள்.

கால் மெசினை மிதித்தால் பின்பக்கமாக ஓடி நூலை அறுக்கிறது.

கையால் தொடங்குங்கள். சக்கரத்தின் மேற்பகுதியை உங்களை நோக்கி இழுத்துவிட்டு, அந்த ஓட்டத்தோடு பாதங்களைச் சேருங்கள். ஒரு காலைச் சற்று முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து, குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுத்த வேண்டும். நூல் கோர்க்காமல், பழைய கடதாசியில் கோடு கீறி அதன்மேல் ஓட்டிப் பழகுங்கள். சில நாட்களில் கால் தானாகக் கற்றுக்கொள்ளும்.

வார் தளர்ந்திருந்தாலும் இந்தத் தொல்லை வரும். தோல் வார் ஈரத்தில் நீளும். வழுக்கும் அளவுக்குத் தளர்ந்தால் கொக்கியைக் கழற்றி, அரை அங்குலம் மட்டும் வெட்டிச் சேருங்கள். கூடுதலாக வெட்டி இறுக்கினால் மிதிப்பது கனக்கும், சக்கர அச்சும் தேயும்.

மோட்டார் பூட்டலாமா?

பூட்டலாம். நான் பூட்டுவதில்லை. கால் மெசின் மின்சாரம் போனாலும் தைக்கும். மெதுவாகத் தைக்கும்போது ஒரு தையல் ஒரு தையலாக நிறுத்த முடியும். பழைய மோட்டாரோடு வந்த மெசின் என்றால் வயரின் ரப்பரை வளைத்துப் பாருங்கள். நொறுங்கினால் மின்சாரத்தில் செருகவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் மோட்டாரை நம் 230 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும்.

மழைக்காலத்தில் துருப் பிடிக்கிறதே?

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கம் வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, உறையே துருவை வளர்க்கும். பருத்தித் துணியால் மூடுங்கள், அல்லது மரப்பெட்டி இருந்தால் அதைக் கவிழ்த்து வையுங்கள். மெருகிட்ட இரும்புப் பகுதிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து விடுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல வழி, வாரத்தில் ஒரு நாளாவது அதில் தைப்பது. ஓடும் மெசினில் துரு எளிதில் ஏறாது.

கால் மெசினின் காலை மட்டும் மேசை செய்யக் கேட்கிறார்கள். நல்ல விலை தருகிறார்கள். கொடுக்கலாமா?

இதற்கு மட்டும் என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. காலைப் பிரித்துக் கொடுத்த வீட்டில் தலை கோழிக்கூட்டின் ஓரத்தில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கொழுந்துக் காசில் மாதா மாதம் தவணை கட்டி வாங்கிய மெசின் அது. தலையும் காலும் சேர்ந்திருந்தால் அது ஒரு பெண்ணின் வருமானம். பிரித்துவிட்டால் ஒன்று மேசை, மற்றது இரும்பு. பணம் தேவையென்றால் தைக்கத் தெரிந்த ஒருவருக்கு முழுதாக விற்றுவிடுங்கள்.

இந்த மெசினில் என்னென்ன தைக்கலாம்?

இவற்றில் நேர்த்தையல் மட்டும்தான். ஆனால் நேர்த்தையல் இவ்வளவு அழகாக விழும் மெசினைப் புதிதாக வாங்க நிறையக் காசு வேண்டும். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சீருடைக்கு 80 அல்லது 90 அளவு ஊசி. ரவிக்கைக்கும் அதுவே. ஓரம் பிரியாமல் இருக்க மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். எத்தனை துவைத்தாலும் நிற்கும்.

கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குக்கு 100 ஊசி, நீளத் தையல். தையலை நெருக்கிப் போட்டால் துளை வரிசையிலேயே கிழிந்துவிடும். நாடா சேரும் மூலையில் நான்கு மடிப்பு வரும். அங்கே மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி ஒவ்வொரு குத்தாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தையுங்கள். ஜீன்ஸ் கால் மடிப்புக்கு 110 ஊசி.

டீசேர்ட் போல இழுபடும் துணிக்கு இவை அவ்வளவு பொருந்தா. முனை உருண்டை ஊசி போட்டு, துணியை லேசாக நீட்டிப் பிடித்துத் தைத்தால் சமாளிக்கலாம். மரக்கட்டையில் சுற்றிய பழைய பருத்தி நூல் வீட்டில் இருந்தால் முதலில் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். மெல்ல இழுத்தவுடனே அறுந்தால் அது மெசினுக்கு ஆகாது; கையால் தற்காலிகத் தையல் போட எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் பழக்க எது நல்லது?

கை மெசின். சக்கரத்தில் ஒரு கை எப்போதும் இருப்பதால் வேகம் பிள்ளையின் கட்டுப்பாட்டில் இருக்கும். முதல் வாரம் நூலில்லாமல் கடதாசி, அடுத்தது தலையணை உறை. எண்ணெய் விடுவதையும் அன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்: தினமும் தைத்தால் தினமும் துளைக்கு ஒரு துளி, எப்போதாவது தைத்தால் தொடங்கும் முன் ஒரு துளி. விட்ட பிறகு பழைய துணித் துண்டு ஒன்றில் சில வரிகள் ஓட்டினால் மிச்ச எண்ணெய் அதில் இறங்கிவிடும், வெள்ளைச் சட்டையில் படாது.